பழைய ஸ்விஃப்டா, புது ஸ்விஃப்டா: ஏற்காடு மலைக்குக் கார் எடுத்த அனுபவம்

செகண்ட்ஹேண்டில் மாருதி ஸ்விஃப்ட் கார் தேடுகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள். கையில் இருக்கிற பணத்துக்குப் பழைய தலைமுறையில் டாப் மாடலே கிடைக்கும், புது தலைமுறையில் கீழ் மாடலோ நடு மாடலோதான் கிடைக்கும், எதை எடுப்பது? நான் சில மாதங்கள் அலைந்து பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தேவை. வீடு சூரமங்கலம். மனைவியின் ஊர் ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம், அங்கே கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. மாமனாருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு வாராவாரம் மலை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. பின் சீட்டில் மூன்று வயது மகள், பல நேரம் அத்தையும் கூட வருவார். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டவுனுக்குள் ஓட்டிப் பார்த்து வாங்கினால் எனக்குச் சரிப்படாது, மலைக்குத்தான் வண்டி.

ஸ்விஃப்ட் இங்கே 2005-ல் வந்தது. இரண்டாம் தலைமுறை 2011 ஆகஸ்டில், மூன்றாவது 2018 பிப்ரவரியில், நான்காவது 2024 மே மாதத்தில். முதல் தலைமுறையைத் தொடவே இல்லை, அதற்கெல்லாம் ஆர்சியின் (பதிவுச் சான்றின்) 15 வருடம் முடிந்துவிட்டது அல்லது முடியப் போகிறது. நான்காவது என் பட்ஜெட்டுக்கு மேலே. அதனால் இரண்டாவதா மூன்றாவதா என்பதுதான் கேள்வி. இதில் ஒன்றைக் கவனியுங்கள், 2018 என்று ஆர்சியில் இருப்பதாலேயே அது புது தலைமுறை ஆகிவிடாது. 2017 கடைசியில் தயாரான பழைய மாடல் கடைசி ஸ்டாக்கில் இருந்து பிறகு பதிவாகியிருக்கலாம். ஆர்சியில் தயாரிப்பு மாதம் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். அதைவிட எளிது பின் கதவைப் பார்ப்பது. மூன்றாம் தலைமுறையில் கைப்பிடி கதவின் மேல் ஓரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்.

எனக்கு முதலில் ஆசை 2013, 2014 டீசல் மேல்தான். 1.3 லிட்டர், 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இன்ஜினின் இழுவிசை. மூன்றாம் தலைமுறை பெட்ரோலில் இருப்பது 113தான். மலைக்கு டீசல்தான் என்று ஊரே சொல்கிறது. ஒருவர் தாராள மனதோடு தன் டீசல் வண்டியை அடிவாரத்திலிருந்து மேலே ஓட்டிப் பார்க்க விட்டார், அது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் தெரிந்தது. நேர் ஏற்றத்தில் வண்டி பறக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் கொண்டை ஊசியில் வேகம் குறைந்து இரண்டாவது கியரில் திரும்பும்போது இன்ஜின் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே விழுந்துவிடுகிறது, அந்த இடத்தில் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) வேலை செய்யத் தொடங்காததால் வண்டி மூச்சு வாங்குகிறது, பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வரும் நேரத்தில் முதல் கியருக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. பழகிவிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஏற்காட்டில் டீசல் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள் வளைவுக்கு முன்பே முதல் கியர் போட்டுவிட்டு அமைதியாகப் போகிறார்கள். ஆனால் என் மனைவியும் ஓட்ட வேண்டிய வண்டி இது.

மூன்றாம் தலைமுறை பெட்ரோலில் டார்க் குறைவுதான், ஆனால் அதே 1.2 லிட்டர் இன்ஜின் பழைய பெட்ரோலைவிட 80 கிலோவுக்கு மேல் எடை குறைந்த உடம்பை இழுக்கிறது. இழுவை சீராக வருகிறது, வளைவில் அது திடீரென்று விழுவதில்லை. ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டாவது கியரிலேயே அதிக நேரம் போக வேண்டும், இன்ஜின் சத்தம் போடும், அது உண்மை. அப்புறம் டீசல் விலை தமிழ்நாட்டில் பெட்ரோலைவிட எட்டு ரூபாய் சுற்றித்தான் குறைவு. மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்கு அந்தச் சேமிப்பை, பத்து வருடம் தாண்டிய டர்போவோ இன்ஜெக்டரோ ஒரே ஒரு தடவை போனால் மொத்தமாக வாங்கிக்கொள்ளும்.

கொண்டலாம்பட்டி பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னதுதான் என் முடிவையே மாற்றியது. "தம்பி, என்ன வருஷம்னு அப்புறம் கேளுங்க, என்ன வேரியன்ட்னு முதல்ல கேளுங்க." இரண்டாம் தலைமுறையில் ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எல்லாம் மேல் வேரியன்டுக்கு மட்டும் ஒழுங்காக வந்தவை. கீழ் வேரியன்ட் வாங்கியவர்களில் பலருக்கு இரண்டுமே இல்லை. மூன்றாம் தலைமுறையில் கீழ் வேரியன்டான எல்எக்ஸ்ஐ முதற்கொண்டு எல்லாவற்றிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், குழந்தை சீட்டைப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி. அதாவது பழையதில் வேரியன்டைத் தேடித் தேடி எடுக்க வேண்டும், புதியதில் எதை எடுத்தாலும் அடிப்படை இருக்கிறது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014-ல் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்டை மோதிப் பார்த்தபோது பெரியவர் பாதுகாப்பில் ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. 2018-ல் புது தலைமுறைக்கு இரண்டு ஸ்டார். இரண்டு ஸ்டார் பெருமைப்படுகிற மதிப்பெண் இல்லை. ஆனாலும் மழையில் ஈரமாகக் கிடக்கிற வளைவில், எதிரே லாரி வரும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஸ்டீயரிங் திரும்ப வேண்டும் எனக்கு. மகள் பின்னால் இருக்கிறாள். அதற்கு மேல் டார்க் கணக்கெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

பழையதுக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். அதன் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர், புதியது 163. தோட்டத்து மண் பாதையில் அந்த ஏழு மில்லிமீட்டர் தெரிகிறது. டீசல் டேங்க் பெரியது, 42 லிட்டர், புதியதில் 37. கதவு மூடுகிற சத்தமே பழையதில் கனமாக இருக்கும். புதியதில் மகளுக்குப் பின் கதவுக் கைப்பிடி எட்டவே எட்டாது. டிக்கி மட்டும் புதியதில் நன்றாகப் பெரிது, காப்பி மூட்டை ஏற்றுகிற வீட்டுக்கு அது உதவி.

இனி வண்டி பார்த்த கதை. விளம்பரத்தில் 48,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்த ஒரு கன்சல்டிங் (பழைய கார் விற்கும் கடை) வண்டி, பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஸ்டீயரிங் தோலும் கிளட்ச் பெடல் ரப்பரும் அந்தக் கணக்குக்கு அதிகமாகத் தேய்ந்திருந்தன. பதிவெண்ணை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரெக்கார்டு கேட்டபோது, இரண்டு வருடத்துக்கு முன்பே 90,000 தாண்டியிருந்தது. விற்பவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. அதனால் சர்வீஸ் ரெக்கார்டு பார்க்காமல் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், உரிமையாளரே கூட வந்தால் சென்டரில் சொல்லிவிடுகிறார்கள்.

சென்னைப் பதிவெண் வண்டி மலிவாக வந்தால் இன்னும் கவனம். 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையும் நிறைய கார்களை நனைத்துவிட்டன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சியிருக்கும். ஸ்டெப்னி குழியில் துரு, தரை விரிப்புக்கு அடியில் வாடை, இதையும் பார்த்துவிடுங்கள்.

மலையில் ஓடிய வண்டி என்றால் பார்க்க வேண்டியது வேறு. பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்தால் மேடு தட்டும், அது அதிகமாக இருந்தால் டிஸ்க் தேய்ந்துவிட்டது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள், ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு பத்து வளைவாவது ஏறிவிட்டு, திரும்பி இரண்டாவது கியரில் இறங்கி, கீழே நிறுத்தி பிரேக் வாடை அடிக்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். முன் டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால் அலைன்மென்ட் போயிருக்கும், அல்லது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது போய்ப் பார்க்காதீர்கள், காலையில் முதல் ஸ்டார்ட் நம் முன்னால் நடக்க வேண்டும். "நான் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன் சார்" என்று சொன்னவரிடம் அடுத்த நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் எடுத்தது மூன்றாம் தலைமுறை, 2019 விஎக்ஸ்ஐ (எல்எக்ஸ்ஐ-க்கு அடுத்த வேரியன்ட்) பெட்ரோல், ஒரே உரிமையாளர், 5 லட்சத்து 10 ஆயிரம். நான் பார்த்த 2014 டீசல் அதைவிட ஒரு லட்சத்துக்கு மேல் குறைவாகக் கிடைத்திருக்கும். ஆனால் அதன் ஆர்சி 2029-ல் முடியும், அதற்கு மேல் ஐந்து வருடத்துக்கு எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்து, கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஓட்ட வேண்டும். இதன் ஆர்சி 2034 வரை இருக்கிறது. நான் வண்டியைச் சீக்கிரம் விற்கிற ஆள் இல்லை என்பதால் அந்த ஐந்து வருடத்துக்கும் ஒரு விலை போட்டுத்தான் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு கார் மாற்றுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவருக்குப் பழைய தலைமுறை டாப் மாடலே லாபம்.

பேப்பர் வேலை சுருக்கமாக. அரசின் வாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டு ஹைப்போ (வண்டி மேல் கடன் இருப்பதாக ஆர்சியில் உள்ள பதிவு), இன்ஷூரன்ஸ், அபராதம் பார்த்தேன். பழைய லோன் முடிந்தும் ஹைப்போ நீக்கப்படாமல் இருந்தது, அதை நீக்க வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்றும்) படிவம் 35-ம் வேண்டும், அது வந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டியும் டிஎன் 30, என் முகவரியும் அதே எல்லை, அதனால் கந்தம்பட்டி ஆர்டிஓ அலுவலகத்தோடு வேலை முடிந்தது. சேலத்தின் மற்ற ஆர்டிஓ எண்களான டிஎன் 54-ஓ டிஎன் 90-ஓ என்றால் அந்த அலுவலகத்தின் என்ஓசி வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) நமக்கு வராது, அது அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத் தொகையையும் பேரம் பேசும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் பிரேக் ஆயில், முன் பிரேக் பேட், நாலு டயர் மாற்றினேன். மலை ஏறுகிறவர்கள் இந்தச் செலவுக்கு முப்பதாயிரமாவது தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் காரைத் தேடுங்கள்.