600 ரூபாய்க் கடன்

கூடத்துக் கம்பளத்தைத் தட்டும்போதெல்லாம் பின்பக்கம் புரட்டிப் பார்ப்பேன். குண்டூசித் தலை அளவு முடிச்சுகள். பாகிஸ்தானின் முரீத்கேயில் இப்படி முடிச்சுப் போட உட்கார்ந்தபோது இக்பால் மசீஹுக்கு வயது நான்கு. குடும்பம் வாங்கிய கடன் 600 ரூபாய்; அதை அடைக்கத்தான் இந்த வேலை. எவ்வளவு உழைத்தும் கடன் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. பத்து வயதில் தப்பி வந்தான். சரி, நாம் பிழைத்தோம் என்று இருந்திருக்கலாம். ஆனால் இப்படி மாட்டிக்கொண்ட மற்றப் பிள்ளைகளுக்காகப் பேசக் கிளம்பினான். அதற்காக 1994 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் விருது வாங்கினான். (என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, மேடை என்றாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிவான்.) 1995 ஏப்ரல் 16, ஈஸ்டர் அன்று, சொந்த ஊர்ப் பக்கமே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவனை நேரில் பார்த்திருந்த, பாஸ்டன் பக்கத்துக் குவின்சி ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அப்புறம் பணம் திரட்டினார்கள்; பாகிஸ்தானின் கசூரில் பள்ளிக்கூடம் எழும்பியது.