94 ஹைலக்ஸுக்கு வீகோ றிம்: செய்து பார்த்த கதை

என்னிடம் இருப்பது 1994 ஹைலக்ஸ் டபிள் கப், ஃபோர் வீல். முன்னுக்கும் லீவ் ஸ்பிரிங்தான் (பட்டை வில்). நெல் மூட்டையோடு கிரவல் ரோட்டில் ஓடி ஓடி இரும்பு றிம் இரண்டு நெளிந்துவிட்டது. கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், பிந்திய ஹைலக்ஸான வீகோவின் 16 அங்குல அலோய் றிம் நான்கு கிடைத்தது. 2004இல் வந்த மொடல், என் வண்டியோ அதற்குப் பத்து வருடம் மூத்தது.

வாங்க முதல் அளந்து பார்த்தேன். ஆறு ஓட்டை றிம்மென்றால் வேலை சுகம்: ஒரு ஓட்டையின் வெளி ஓரத்திலிருந்து நேரெதிர் ஓட்டையின் உள் ஓரம் வரை அளந்தால் ஓட்டை வட்டத்தின் விட்டம் வரும். 139.7 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அங்குலம். ஐந்து ஓட்டையில் இப்படி நேராக அளக்க ஏலாது. நடு ஓட்டை 106 மில்லி, நட் ஏறும் ஸ்டட் 12 மில்லி, மரை இடைவெளி 1.5 மில்லி. எல்லாம் என் வண்டியினதேதான். மச்சானின் மிற்சுபிஷி எல்200உம் அதே ஆறு ஓட்டை, அதே 139.7 தான். ஆனால் அதன் நடு ஓட்டை 67.1, ஆகவே அந்த றிம் என் ஹப்புக்கு மேல் ஏறவே ஏறாது. நிசான் நவாராவின் டி40 மொடல் என்றால் ஓட்டை வட்டமே 114.3. நட்டும் 1.25 மரை, என் ஸ்டட்டில் ஒரு சுற்று ஏறி இறுகிவிடும். பலவந்தம் பண்ணினால் ஸ்டட் போச்சு.

சரி, கொண்டுவந்து பூட்டினேன், பழைய நட்டாலேயே. பிழை அங்கேதான். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் தாண்டவில்லை, முன் இடது பக்கம் 'டக் டக்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இரண்டு நட் கையாலேயே சுழலுது. இறுக்கிக்கொண்டு மெல்லத் திரும்பி, கராச்சில் றிம்மைக் கழற்றினோம். ஓட்டை வாயில் அலுமினியம் மெல்லிய வளையமாகத் தேய்ந்து பளபளத்தது. கராச் அண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இது கூம்பு நட். இந்த றிம்மில நட் உட்காருற இடம் தட்டை. விளிம்பில மட்டும் தொட்டுக்கொண்டு நிண்டிருக்கு.”

டொயோட்டா அலோய்க்கு வாசர் வைத்த, கழுத்துள்ள நட்தான் வேண்டும். கழுத்து ஓட்டைக்குள் இறங்கும், வாசர் தட்டையாகப் படியும். 24 வாங்கினேன். ஒவ்வொன்றும் கையால் எத்தனை சுற்று ஏறுகிறதென்று எண்ணினோம். 12 மில்லி ஸ்டட்டில் எட்டுச் சுற்றாவது பிடிக்க வேண்டும் என்பது அண்ணையின் கணக்கு; ஒன்பது வந்தது. ஸ்பெயர் இன்னும் இரும்பு றிம்தான், அதற்காகப் பழைய கூம்பு நட் ஆறை ஒரு ரின்னில் போட்டு சீற்றுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நடு மூடி நான்கில் இரண்டு மிச்சம். முன் ஃப்ரீ வீல் ஹப் (ஃபோர் வீலைப் பூட்டித் திறக்கும் மூடி) வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதே, எங்கே பூட்டுவது? பெடியன் ஒன்றில் விளக்குக் கொளுத்தி வைத்திருக்கிறான்.

அப்புறம் ஒஃப்செற், அதாவது றிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. வீகோ றிம் +30 மில்லி, பழையதைவிட ரயர் உள்ளே போய்விடுகிறது. முழுதாக ஸ்டியரிங் வெட்டினால் ரயர் லீவில் உரசியது. றிம்மை வெளியே தள்ள நடுவில் ஸ்பேசர் தட்டுப் போடச் சொன்னார்கள், மூட்டை ஏற்றும் வண்டிக்கு எனக்கு மனம் வரவில்லை. சக்கரம் எவ்வளவு வெட்டலாம் என்று தடுக்கும் ஸ்டியரிங் ஸ்டொப் போல்ற்றைக் கொஞ்சம் வெளியே நீளும்படி சுழற்றிவிட்டோம், வெட்டு குறைந்தது. 100 கிலோமீற்றர் ஓடித் திரும்ப இறுக்கியபோது ஒரு நட்டும் அசையவில்லை. வெட்டு குறைந்ததால், வயல் வரம்படியில் முன்பு ஒரே வெட்டில் திருப்பும் வண்டியை இப்போது ஒருமுறை பின்னுக்கு எடுத்துத்தான் திருப்புகிறேன்.