நெட் தேர்வு: ஆர்என்ஏவையும் நோயெதிர்ப்பியலையும் ஒரே நோட்டில் படியுங்கள்

முடிவு வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. இம்முறை சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தாளில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. சென்ற முறை கோட்டைவிட்டது இன்னும் உறுத்துகிறது. பாடத்திட்டத்தின் மூன்றாம் அலகில் வரும் ஆர்என்ஏ திருத்தங்களையும் (ஆர்என்ஏவின் எழுத்துகளில் பின்னர் ஏற்படும் வேதி மாற்றங்கள்) நான்காம் அலகின் நோயெதிர்ப்பியலையும் நான் தனித்தனி நோட்டுகளில் படித்திருந்தேன். தேர்வின் சி பகுதியில் வரும் பகுப்பாய்வு வினாக்களுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

"எம்6ஏ குறி விழுந்தால் ஆர்என்ஏ சிதையும்" என்பதே என் ஒற்றை வரி மனப்பாடம் (எம்6ஏ என்பது ஆர்என்ஏவின் அடினோசின் மேல் ஒட்டும் மெத்தில் குறி). டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவில், இந்தக் குறியை இடும் மெட்டில்3 நொதியை நீக்கினால் என்ன ஆகும் என்று ஒரு மாதிரித் தேர்வில் கேட்டபோது, ஆர்என்ஏக்கள் நிலைத்திருக்கும், ஆகவே செல் கூடுதலாகத் தூண்டப்படும் என்று குறித்தேன். எலிகளில் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: சிதையாமல் எஞ்சுபவற்றில் சாக்ஸ் குடும்பத்து ஆர்என்ஏக்களும் உண்டு, அவற்றிலிருந்து உருவாகும் தடைப்புரதங்கள் இன்டர்லூக்கின்-7 என்ற தூதுப்புரதம் அனுப்பும் சமிக்ஞையை, செல்லுக்குள் அதைக் கடத்தும் ஸ்டாட்5 புரதம் வரை செல்லவிடாமல் மறிப்பதால், டி செல் பெருகாமலும் வேறுபாடடையாமலும் நின்றுவிடுகிறது.

ஆகவே குறியை விட, அது எந்த ஆர்என்ஏவின் மேல் விழுகிறது என்பதைப் படியுங்கள். மற்றவை சுருக்கமாக:

எழுதுபவை (குறியை இடுபவை): மெட்டில்3, மெட்டில்14.
அழிப்பவை (குறியை நீக்குபவை): எஃப்டிஓ, ஏஎல்கேபிஎச்5.
படிப்பவை (குறியை அடையாளம் கண்டு செயல்படும் புரதங்கள்): ஒய்டிஎச்டிஎஃப்2 சிதைவுக்கு, ஒய்டிஎச்டிஎஃப்1 பெரும்பாலும் புரத உற்பத்திக்கு.

அந்நியப் பொருளைப் பிடித்து டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்லில், இந்த ஒய்டிஎச்டிஎஃப்1 லைசோசோமில் புரதங்களை வெட்டும் கதெப்சின் நொதிகளைப் பெருக்குவதால் எதிர்ப்பொருளூக்கி (ஆன்டிஜென்) அளவுக்கு மீறிச் சிதைகிறது. கொல்லும் வகை டி செல்களான சிடி8 செல்களுக்குக் காட்டுவதற்கு மிஞ்சுவது குறைவு.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குத் தினமும் பேருந்தில் இறங்கிய எனக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தாலே குமட்டும். எனவே வளைவுக்கு ஒரு சங்கிலி என, எழுதும் நொதியில் தொடங்கிச் செல்லின் நடத்தை வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவேன். படம் வரைந்து படிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. நான் அவர்களுக்கு ஆலோசனை சொல்லத் தகுந்தவனும் அல்லன்.

யூரிடினின் மாறிய வடிவமான சூடோயூரிடினை ஒரு வளைவுக்குள் முடித்துவிடலாம்: அது சேர்ந்த ஆர்என்ஏ, வேற்று ஆர்என்ஏவை உணரும் டோல் ஏற்பிகளை எழுப்புவதில்லை என்று விஞ்ஞானிகள் கரிகோவும் வெய்ஸ்மனும் 2005இல் காட்டினர், 2023இல் நோபல் பெற்றனர். ஏடிஏஆர்1 என்ற நொதிக்கு மட்டும் இரண்டு வளைவுகள் ஒதுக்குங்கள். நம் சொந்த இரட்டை இழை ஆர்என்ஏவில் அடினோசினை இனோசினாக மாற்றி, வைரஸ் ஆர்என்ஏவைக் கண்டறியும் எம்டிஏ5 புரதம் அதை வைரஸ் என்று தவறாக எண்ணாமல் காப்பது அதுவே.