பெஞ்சில் உட்கார வைத்தாலும் சம்பளம் தர வேண்டும்

அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்கள் பலர், "ப்ராஜெக்ட் முடிஞ்சது, ரெண்டு மாசமா பெஞ்ச் (அடுத்த ப்ராஜெக்ட் வரும்வரை சும்மா காத்திருப்பது), சம்பளம் வரல" என்று ஏதோ இந்த வருஷம் மழை பெய்யவில்லை என்பதைப் போலச் சொல்கிறார்கள். கேட்கும்போதே எரிச்சலாக இருக்கிறது. இது தலைவிதி இல்லை, சட்டமீறல்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கம்பெனி அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்ற படிவத்தைக் கொடுத்து, இந்த வேலைக்கு, இந்த ஊரில், இவ்வளவு சம்பளம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறது. கிளையன்ட் கிடைக்கவில்லை என்று அதை நிறுத்த முடியாது, கிளையன்ட் பிடிப்பது அவர்கள் பாடு. ஊரிலிருந்து புதிதாக வருபவருக்கு, ப்ராஜெக்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்து இறங்கிய 30 நாளுக்குள் சம்பளம் தொடங்கியாக வேண்டும். ஏற்கனவே இங்கே இருந்து எச்1பிக்கு மாறியவர் என்றால் 60 நாள்.

நீங்களே சொந்தக் காரணத்துக்காக லீவு கேட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. சூது அங்கேதான். எச்ஆர் ரொம்ப அன்பாகப் போன் செய்து, "சும்மா ஒரு மெயில் போடுங்க, பர்சனல் லீவுன்னு" என்பார். போடாதீர்கள். நாளைக்கு விசாரணை வந்தால் அவர்கள் முதலில் நீட்டப்போவது அந்த மெயிலைத்தான்.

வேலையை விட்டு எடுப்பதென்றால் குடியேற்றத் துறைக்கு முறையாகத் தெரிவித்து, ஊர் திரும்பும் பயணச் செலவையும் தர முன்வர வேண்டும். அதைச் செய்யாமல் பெயரளவில் வைத்திருந்தால் சம்பளக் கடமை ஓடிக்கொண்டே இருக்கும். எடுத்துவிட்டால் அதிகபட்சம் 60 நாளில் வேறு வழி பார்க்க வேண்டுமே என்ற பயத்தில் நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். பயம் நியாயம்தான், ஆனால் அடுத்த கம்பெனிக்கு மாறும்போது பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) கேட்பார்களே, அப்போது என்ன காட்டுவீர்கள்?

புகார் கொடுக்க டபிள்யூஎச்-4 என்ற படிவம் இருக்கிறது, செலவில்லை. தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவுக்கு, மீறல் நடந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். புகார் கொடுக்கும் முன் எல்சிஏ நகல் (வேலையில் சேரும் நாளுக்குள் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டியது), பே ஸ்டப், மெயில்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எச்1பி மனுவுக்கான வக்கீல் ஃபீஸைச் சம்பளத்தில் பிடிப்பதும் பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தம் முடியும் முன் போனால் இத்தனை ஆயிரம் டாலர் என்று பாண்டு நீட்டினால், பணம் கட்டும் முன் அந்த மாநிலத்து வேலைவாய்ப்பு வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள்.