கூட்டத்துக்கு மேஸ்திரியையும் கூட்டி வாருங்கள்

எங்கள் வீடு கட்டுநர் சங்கத்தின் செய்தி மடல் என் பொறுப்புக்கு வந்ததும் முதல் வேலையாக முதல் பக்கத்திலிருந்து மேடைப் படங்களைத் தூக்கினேன். வரிசையாக நின்று சிரிக்கும் நிர்வாகிகள், ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல், நினைவுப் பரிசு எல்லாம் இப்போது கடைசிப் பக்கத்தில் சின்னதாக வருகின்றன. சிலருக்கு இன்னும் என் மேல் வருத்தம். இருக்கட்டும். மறுநாள் காலையில் கூரை கான்கிரீட் போடப் போகிறவருக்கு அந்தப் படங்களால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

நானும் வீடு கட்டிக் கொடுப்பவள்தான். பெரிய நிறுவனம் எல்லாம் இல்லை. எங்கள் சங்கத்தில் பெரும்பாலானவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். ஆராய்ச்சிப் பிரிவு, சட்டப் பிரிவு, பாதுகாப்பு அதிகாரி என்று தனித்தனியாக ஆள் வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதி இல்லை. அந்த வேலைகளை ஓரளவு செய்து கொடுப்பதற்குத்தான் சங்கம். அப்படிப் பார்த்தால், நடக்கிற நிகழ்ச்சிகளில் எது உருப்படி, எது வெறும் கூட்டம் என்று பிரித்துவிடலாம்.

உருப்படியான ஒன்றை முதலில் சொல்கிறேன். கான்கிரீட் க்யூப் உடைக்கும் நிகழ்ச்சி. கலவையைக் கனசதுரக் கட்டியாக வார்த்து, இயந்திரத்தில் நசுக்கி எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் நடத்தினோம். ஒரே சிமெண்ட், ஒரே மணல், ஒரே ஜல்லி. ஒரு கலவையில் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். இன்னொன்றில் 35 லிட்டர். இரண்டிலும் 15 சென்டிமீட்டர் க்யூப்களை வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊற வைத்திருந்தார்கள். கலவை போட்ட அன்றே ஸ்லம்ப் சோதனையும் செய்து காட்டினார்கள். 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் அடுக்கடுக்காகக் கலவையை நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை மெதுவாக மேலே தூக்க வேண்டும். கலவை எவ்வளவு சரிகிறது என்பதுதான் அளவு. 25 லிட்டர் கலவை கொஞ்சம் இறங்கி நின்றது. 35 லிட்டர் கலவை தட்டில் பரவிப் போனது. பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிகளுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேலை செய்ய அதுதான் சுலபம்.

28 நாள் கழித்து எல்லோரும் மறுபடி வந்தார்கள். இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. பாதிப் பேர்கூட வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் மேஸ்திரிகள் தங்களுக்குள் பந்தயம் கட்டியிருந்தார்கள். எந்த க்யூப் எவ்வளவு தாங்கும் என்று. முதல் கலவையின் க்யூப் இயந்திரத்துக்குள் ரொம்ப நேரம் தாக்குப்பிடித்து, கடைசியில் பட்டென்று வெடித்தது. நான்கு பக்கமும் உதிர்ந்து, நடுவில் இரண்டு கூம்புகள் தலையோடு தலை முட்டி நிற்பது மாதிரி மிச்சமிருந்தது. ஒழுங்காக உடைந்த க்யூப் அப்படித்தான் இருக்குமாம். இரண்டாவது கலவையின் க்யூப், முதலாவது தாங்கியதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு வந்ததுமே விரிசல் விட்டு உட்கார்ந்துவிட்டது. சிமெண்டுக்குக் கொடுத்த காசு இரண்டிலும் ஒன்றுதான்.

சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்தான் பலத்தைத் தீர்மானிக்கிறது என்பதைச் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்ற ஆய்வாளர் 1918-லேயே சோதனை செய்து வெளியிட்டுவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகிறது. நாங்கள் இன்னும் சைட்டில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். விளக்கமும் சிக்கலானது இல்லை. சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையான தண்ணீர் கொஞ்சம்தான். மிச்சத் தண்ணீர் கலவையை இளக வைக்க மட்டுமே உதவுகிறது. பிறகு அது ஆவியாகிப் போகும்போது, இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாக நின்றுவிடும். பலம் குறைவதோடு, அந்தத் துளைகள் வழியாகவே ஈரம் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

அன்றைக்கு ஒரு மூத்த மேஸ்திரி எழுந்து கேட்டார்: "எல்லாம் சரி மேடம், தண்ணிய குறைச்சா கம்பிக்கு நடுவுல கலவை எறங்காதே. அப்ப என்ன செய்ய?"

கூடத்தின் பொறியாளர் நல்ல பெண். பாடம் எடுக்கவில்லை. "நீங்க சொல்றது நிஜம்தான் மேஸ்திரி. கலவை இறங்கலைன்னா அதுவும் ஆபத்துதான். தண்ணிக்குப் பதிலா வேற எதை வச்சு இளக்கலாம்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அதே முதல் கலவையை மறுபடி போட்டு, அதில் கொஞ்சம் பிளாஸ்டிசைசர், அதாவது கலவையை இளக்கும் ரசாயனம், ஊற்றிச் சுற்ற வைத்தார். தண்ணீர் ஒரு சொட்டு கூடச் சேர்க்காமல் கலவை இளகியது. கம்பி நெருக்கமாக உள்ள இடத்துக்குச் சின்ன ஜல்லி, கலவையை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டரை எவ்வளவு ஆழம் விடுவது, எப்போது வெளியே எடுப்பது என்று அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு போனது. வைப்ரேட்டரை வைத்துக் கலவையைப் பக்கவாட்டில் தள்ளக் கூடாது என்று சொன்னதும் அங்கே ஒரு முணுமுணுப்பு. அதைச் செய்யாத சைட் எங்கே இருக்கிறது?

இதையே ஒரு ஹோட்டல் அரங்கில், கட்டுநர்களை மட்டும் உட்கார வைத்து, திரையில் படம் போட்டுக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அப்படியும் நடத்தியிருக்கிறோம். கட்டுநர் கேட்டுத் தலையாட்டுவார். மறுநாள் மேஸ்திரிக்கு போன் போட்டு "தண்ணி கம்மியா விடுங்க" என்பார். மேஸ்திரி "சரிங்க" என்பார். அவ்வளவுதான். கேள்வி கேட்க வேண்டியவர் அந்த அறையிலேயே இல்லை.

அதனால்தான் மடலில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பக்கத்திலும் "யார் வர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கட்டுநரா, மேஸ்திரியா, கம்பி கட்டுபவரா, சென்ட்ரிங் வேலைக்காரரா, எலக்ட்ரீஷியனா? அந்த வரியை எழுத முடியாவிட்டால் நிகழ்ச்சியிலேயே கோளாறு என்று அர்த்தம்.

பாதுகாப்பு வகுப்புக்கும் இதே கதைதான். முன்பெல்லாம் ஒருவர் வந்து "பாதுகாப்பே முக்கியம்" என்று பேசிவிட்டுப் போவார். இப்போது சைட்டிலேயே, வேலை தொடங்கும் முன், கால் மணி நேரம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம். ஏணி என்றால் ஏணி மட்டும்: நான்கு அடி உயரத்துக்கு அடிப்பாகம் ஒரு அடி வெளியே, ஏறி இறங்கும் தளத்துக்கு மேலே மூன்றடி நீண்டிருக்க வேண்டும், மேலேயும் கட்ட வேண்டும். இன்னொரு நாள் கடைக்கால் குழி. ஒரு கன மீட்டர் மண் என்பது ஒன்றரை டன்னுக்குக் குறையாது. சரிந்தால் ஒரு காரே மேலே விழுந்த மாதிரி. இடுப்பளவு புதைந்தவரைக்கூட வெறும் கையால் இழுத்து வெளியே எடுக்க முடியாது. குழியிலிருந்து எடுத்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள் என்பதைச் சொல்ல இதை விட நீளமான பேச்சு வேண்டியதில்லை.

சிமெண்டும் தோலும் பற்றிய வகுப்பில்தான் அதிகம் பேர் ஆச்சரியப்பட்டார்கள். ஈரக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. முட்டி போட்டு மட்டப்பலகை இழுக்கும்போது பேன்ட் நனைந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும். முதலில் வலி தெரியாது. வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். கையில் வருடக்கணக்காக அரிப்பு இருப்பவர்களில் பலருக்கு சிமெண்டில் உள்ள குரோமியத்தால் வரும் ஒவ்வாமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல், நீரில் கரையும் ஆறாம் நிலைக் குரோமியம் (ஒவ்வாமை தரும் வடிவம் அதுதான்) பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் உள்ள சிமெண்டைக் கையால் வேலை செய்பவர்களுக்கு விற்கக் கூடாது. அதே போல கல், டைல்ஸ் அறுக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசி. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திவிட்டது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். வீணாகத் தண்ணீர் ஊற்ற வேண்டிய இடம் கலவை இயந்திரம் இல்லை, இதுதான் என்று ஒரு டைல்ஸ் வேலைக்காரரே சொன்னார்.

சரி, செய்திப் பக்கத்துக்கு வருவோம். கட்டட விதி மாறினால் மறுநாளே எனக்கு இருபது ஃபார்வர்டு வந்துவிடும். பாதி அரைகுறை. சில சமயம் வரைவு அறிவிப்பையே இறுதி விதி மாதிரி எழுதியிருப்பார்கள். மடலில் நான் மூன்று விஷயம் இல்லாமல் விதிச் செய்தி போடுவதில்லை. எந்தத் தேதியிலிருந்து அமல்? ஏற்கெனவே அனுமதிக்குக் கொடுத்த வரைபடங்களுக்குப் பொருந்துமா? இப்போது கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் எதையாவது மாற்ற வேண்டுமா? மூல அறிவிப்பைப் படித்து இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த மடலுக்குத் தள்ளிவிடுவேன். தாமதம் என்று திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

மடலில் நான் போட மறுக்கும் செய்தியும் ஒன்று உண்டு. வருடம் தவறாமல் யாராவது ஒருவர் எழுந்து, "எல்லோரும் சதுர அடிக்கு ஒரே ரேட் வைப்போம், யாரும் குறைக்கக் கூடாது" என்பார். கைதட்டலும் வரும். இந்த ஆசை பழசு. 1724-இல் தொடங்கிய ஃபிலடெல்ஃபியா தச்சர் சங்கம் வீட்டு வேலைகளை அளந்து மதிப்பிடும் விலைப் பட்டியலையே 1786-இல் அச்சிட்டு, உறுப்பினர்களைத் தவிர யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தது. இன்றைக்குப் போட்டியாளர்கள் கூடி விலை பேசுவது பெரும்பாலான நாடுகளில் சட்ட விரோதம். சங்கக் கூட்டக் குறிப்பே சாட்சியாகிவிடும். எங்கள் தலைவர் அந்தப் பேச்சு எழுந்தவுடன் நிறுத்திவிடுவார், நிறுத்தியதையும் குறிப்பில் எழுதச் சொல்வார். அவரோடு எனக்குப் பல விஷயத்தில் ஒத்துப்போகாது. இதில் அவர் பக்கம்தான்.

வீட்டுக்காரர்களை அழைத்து நடத்திய கூட்டம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிவந்து ஒரு வருடம் ஆனவர்கள் பேச வேண்டும். கட்டுநர்கள் முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் நிபந்தனை. எங்களில் சிலருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பார்க்க வேடிக்கையாக இருந்தது. வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவருக்கு மரண தண்டனை என்று பாபிலோனில் ஹமுராபி சட்டம் போட்டாராம்; அந்தக் காலத்தில் இப்படி ஒரு கூட்டம் போட யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. வந்த புகார்களில் பெரும்பாலும் விரிசலும் கசிவும்தான். பூச்சில் தலைமுடி மாதிரி ஓடும் விரிசல் உலரும்போது சுருங்குவதால் வருவது, பயப்பட வேண்டாம். பீமுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் நேர்கோடாக வந்தால், இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன என்று அர்த்தம். பூசும்போதே அந்த இடத்தில் வலை அடித்திருக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறி, நாளுக்கு நாள் அகலமானால் அடித்தளம் இறங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள் என்று சொன்னதை வீட்டுக்காரர்கள் போனில் குறித்துக்கொண்டார்கள். குளியலறைக் கசிவுக்கு மட்டும் எங்களால் சாக்கு சொல்ல முடியவில்லை. டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்திருந்தால் பாதிப் புகார் வந்தே இருக்காது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

விருது விழா, குடும்பக் கூடல், விளையாட்டுப் போட்டி எல்லாம் வழக்கம் போல நடக்கும். தேதி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது நிர்வாகக் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டைக்கு வருகிறேன். மேஸ்திரியோ கொத்தனாரோ வேலை நாளில் நிகழ்ச்சிக்கு வந்தால் அரை நாள் கூலி போகும். நாங்கள் கூட்டத்துக்குப் போனால் எங்கள் வருமானம் நிற்பதில்லை, அவர்களுக்கு நிற்கிறது. அந்தக் கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. விருது விழாவின் மேடை அலங்காரச் செலவைக் குறைத்தாலே போதும் என்று கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "அப்படிப் பழக்கினால் காசுக்காக மட்டும் வருவார்கள்" என்றார் ஒரு உறுப்பினர். காசு வாங்காமல் யார் சைட்டுக்கு வருகிறோம், நீங்களா நானா என்று கேட்டேன். பதில் வரவில்லை, ஆனால் ஓட்டும் எனக்கு விழவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் மறுபடி வைக்கிறேன்.

அடுத்த நிகழ்ச்சி க்யூரிங் பற்றியது, அதாவது வார்த்த கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுக விடுவது. ஒரே கலவையில் வார்த்த க்யூப்களில் பாதியை ஈரமாகவும், மீதியை வார்த்த மறுநாளிலிருந்து வெயிலில் காயவும் வைத்திருக்கிறோம். பதிவு செய்யும்போது உங்கள் பெயரோடு மேஸ்திரியின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தத் தடவை அவருடைய அரை நாள் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். குழு முடிவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.