மூடியில் விட்ட இரண்டு விரல் இடைவெளி

அன்று காலை மீன் தொட்டிக்குப் பின்னால் தரையில் கிடந்ததை முதலில் ஏதோ பழைய துணி என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் என் ஸ்னோஃபிளேக் விலாங்கு, மோரே என்ற கடல் விலாங்குகளில் ஒரு வகை. உடம்பெல்லாம் தூசியும் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு, வால் பக்கம் சுருண்டு, அசைவே இல்லாமல் கிடந்தது. கையை நனைத்துக்கொண்டு தூக்கித் தண்ணீரில் விட்டபோது அது செத்துவிட்டது என்றே முடிவு செய்திருந்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். வாய் லேசாகத் திறந்து மூடியது. அப்புறம் இன்னொரு தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அது வெளியே வந்த வழி, ஃபில்டர் குழாய் இறங்குவதற்காக மூடியில் நான் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி. 50 சென்டிமீட்டர் மீன் அதில் எப்படி நுழையும் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். நீளம் ஒரு கணக்கே இல்லை, தலை நுழைந்தால் போதும். மோரே விலாங்குகளுக்கு மார்புத் துடுப்பு இல்லை, செதிலும் இல்லை, தோல்மேல் வழவழவென்று கோழை வேறு. எதுவும் எங்கேயும் மாட்டாது. அந்தக் கோழை ஈரமாக இருந்ததால்தான் அன்று உயிர் தங்கியது என்று நினைக்கிறேன்.

தொட்டி பிடிக்காமல் தப்பித்து ஓடியது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வகை விலாங்கு கரையோரத்தில் நண்டுக்காகத் தண்ணீரை விட்டே வெளியே வரும். தரையிலேயே இரையை விழுங்கவும் அதற்குத் தெரியும் என்று ரீட்டா மேத்தா என்ற உயிரியலாளர் 2021-ல் ஆய்வு செய்து காட்டினார். வாய்க்குள் அதற்கு இன்னொரு தாடை உண்டு. தொண்டையிலிருந்து முன்னால் பாய்ந்து வந்து இரையைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். மோரேக்களின் இந்தத் தாடை வேலை செய்யும் விதத்தை அவரும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007-லேயே விளக்கிவிட்டார்கள். பெரும்பாலான மீன்களுக்கு இரையை உள்ளே இழுக்கத் தண்ணீர் வேண்டும், இதற்கு வேண்டாம். அப்படிப்பட்ட உயிருக்குத் தொட்டியின் விளிம்பு எல்லையாகத் தெரியுமா என்ன?

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “ஏன் இப்படி வாயைத் திறந்து திறந்து மிரட்டுகிறது?” மிரட்டவில்லை, மூச்சு விடுகிறது. மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல் அகன்ற செவுள் மூடி இல்லாமல் வெளியே சின்னத் துளை மட்டும் இருப்பதால், வாயை அசைத்து அசைத்துத்தான் தண்ணீரைச் செவுளுக்குள் தள்ள வேண்டும்.

கண் பார்வை மோசம், மோப்பம்தான் எல்லாம். இறாலைத் தொட்ட கையைத் தண்ணீருக்குள் விட்டால் அதற்கு விரலும் இறாலும் ஒன்றுதான். அதனால் நீளமான இடுக்கி இல்லாமல் நான் தீனி போடுவதே இல்லை. இறாலைத் தலைக்குச் சற்று முன்னால் மெல்ல ஆட்டினால், முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குட்டிக் குழாய் மூக்கும் முதலில் திரும்பும், தலை அப்புறம்தான் வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். இறாலையே போட்டுக்கொண்டிருக்காமல் கணவாய், நண்டு என்று மாற்றிக் கொடுங்கள். சில இறால்களிலும் மீன்களிலும் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். புதிதாக வந்தது வாரக்கணக்கில் சாப்பிடாமலும் இருக்கும். என்னுடையது 19 நாள் எதையும் தொடவில்லை. பதறிப்போய் நன்னீர் மீனை உயிரோடு வாங்கிப் போடாதீர்கள், அது நல்ல தீனி இல்லை.

தொட்டி 200 லிட்டருக்குக் குறையவே வேண்டாம், பெரிதானால் இன்னும் நல்லது. கல்லை முதலில் அடிக்கண்ணாடிமேல் வைத்துவிட்டு அப்புறம் மணலைப் போடுங்கள், இல்லாவிட்டால் விலாங்கு அடியில் தோண்டும்போது கல் சரிந்து அதன்மேலேயே விழும். அழுக்கு நிறைய வரும், அதை நுரையோடு சேர்த்து வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் பெரிதாக இருக்கட்டும். செம்பு கலந்த மருந்து எதுவும் அந்தத் தண்ணீரில் படக்கூடாது. சின்ன மீன், இறால், நண்டு என்று எதை அதோடு சேர்த்து விட்டாலும் ஒருநாள் காணாமல் போகும்.

இப்போது குழாயைச் சுற்றி வலை வைத்து இறுக்கி, மூடியின் நாலு மூலையிலும் கிளிப் போட்டிருக்கிறேன். விளக்கை அணைத்ததும் குகையிலிருந்து வெளியே வந்து, பழைய இடைவெளி இருந்த மூலைக்குப் போய் மூக்கை வைத்துப் பார்க்கிறது. தினமும் பார்க்கிறது.