நான் எடுத்த ஒரு சொல்

“கிறிஸ்தவர்னு ஏன் தம்பி போடல?” என்றுதான் எங்கள் நாளிதழ் டெஸ்க்கில் மூத்தவரான அண்ணன் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

2011 மார்ச் 2. இஸ்லாமாபாத்தில் அம்மா வீட்டிலிருந்து காரில் கிளம்பிய ஷாபாஸ் பட்டியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். நான் வைத்த தலைப்பு: ‘பாகிஸ்தான் அமைச்சர் சுட்டுக்கொலை’.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவர் சிறுபான்மையினர் துறை அமைச்சர். இந்துக்களும் சீக்கியர்களும் அதில் அடக்கம். அரசு வேலையில் 5 சதவீத ஒதுக்கீடு அவர் காலத்தில்தான் வந்தது. அதுவும் எல்லாச் சிறுபான்மையினருக்கும்தான், கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இல்லை. ஆகஸ்ட் 11 சிறுபான்மையினர் நாளானதும் அப்போதுதான். கோயிலுக்குப் போவதும் மசூதிக்குப் போவதும் அவரவர் விருப்பம் என்று 1947-ல் ஜின்னா பேசிய தேதி அது. அப்படிப்பட்டவரை ஒரு மதத்துக்குள் அடைப்பானேன்?

அப்புறம் சல்மான் தசீர். இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 4 அன்று, சொந்தப் பாதுகாவலரே சுட்டுக் கொன்ற பாகிஸ்தான் பஞ்சாப் மாகாண ஆளுநர். மத நிந்தனை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆசியா பீபிக்காகப் பேசியவர், அந்தச் சட்டத்தைத் திருத்தச் சொன்னவர். பட்டி செய்ததும் அதுதான். “தசீருக்கு முஸ்லிம் ஆளுநர்னா போட்டோம் அண்ணே?”

நல்ல வாதம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “மந்திரிசபையில இருந்த ஒரே கிறிஸ்தவர்யா அவர். சுட்டவன் நோட்டீஸ் வீசிட்டுப் போயிருக்கான், அதுல கிறிஸ்தவன்னு எழுதியிருக்கான். கொன்னவனே சொல்றதை நீ ஏன் மறைக்கிற?”

பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, உள்ள வந்திருக்குல்ல, போகட்டும்.” பக்கம் போய்விட்டது. என் தலைப்பே நின்றது. அவர் மாற்றியிருந்தால் இவ்வளவு நாள் இதை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

‘மறைக்கிற’ என்ற சொல்தான் உறுத்தியது. எங்கள் டெஸ்க்கில் எனக்குப் பெயர் பாய். யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடுவதில்லை, நானும் கோபப்பட்டதில்லை. அண்ணன் ஒருவர்தான் தம்பி என்பார். அவரா என்னை அப்படி நினைத்தார் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குமைந்தேன். அவர் எதையும் நினைக்காமல் தொழில்முறையாகவே கேட்டிருக்கலாம். ஒரு கொலைச் செய்தியில் ஏன் கொன்றார்கள் என்பது தலைப்பில் வரவேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

மறுநாள் டீக்கடையில் பேப்பரை விரித்துவிட்டு யாராவது என் முகத்தைப் பார்ப்பார்களோ என்ற பயம் எனக்கு இருந்ததா? இருந்தது. அதனால்தான் அந்தச் சொல்லை விட்டேனா? இல்லை என்று அடித்துச் சொல்ல வரவில்லை. தலைப்பில் இடமில்லை என்று பிறகு ஒரு நண்பரிடம் சொன்னேன். ‘கிறிஸ்தவ’, ஐந்தே எழுத்து. இடம் இருந்தது.

தான் கொல்லப்பட்டால் வெளியிடுவதற்கென்று பட்டி முன்பே பேசிப் பதிவு செய்து வைத்திருந்த வீடியோவைப் பிறகுதான் பார்த்தேன். நிதானமாகப் பேசுகிறார். நமக்காக உயிரைக் கொடுத்த இயேசுவை நம்புகிறேன், சிலுவையின் பொருள் எனக்குத் தெரியும் என்கிறார். கொன்றவர்கள் சொன்ன சொல்லைச் செத்தவரும் சொல்லியிருக்கிறார், பெருமையோடு. நடுவில் நான் யார் அதை எடுக்க?

அதே பேச்சில் கிறிஸ்தவர்களோடு மற்றச் சிறுபான்மையினருக்காகவும் உழைப்பதாகச் சொல்கிறார். பார்த்தாயா, நான் சொன்னதுதானே என்று உடனே அதைப் பிடித்துக்கொண்டேன். இப்படித்தான், எனக்குச் சாதகமான வரி வந்தால் காது கூர்மையாகிவிடுகிறது.

2018 அக்டோபர் 31 அன்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் ஆசியா பீபியை விடுவித்தது. அன்றும் அந்தப் பக்கம் என்னுடையதுதான். ‘பாகிஸ்தானில் கிறிஸ்தவப் பெண் விடுதலை’ என்று தலைப்பு வைத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கம் அச்சுக்குப் போன பிறகுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது.

அண்ணன் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். ஏன் போட்டாய் என்று கேட்க யாருமில்லை.